டீசல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாம், ஏர் எடுக்கத் தெரிந்தால் போதும்

டீசல் கார் வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் ஃபில்டர் மாற்றுவதும் ஒன்று. ஆயில் மாற்றுவதைப் போலக் காருக்கு அடியில் படுத்துப் புரள வேண்டாம், ஜாக்கி வேண்டாம், பெரும்பாலான வண்டிகளில் பானட்டைத் திறந்தால் ஃபில்டர் கண் முன்னாலேயே இருக்கும். கழற்றி மாட்டுவதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது. ஆனால் கழற்றி மாட்டுவது மட்டுமே வேலை என்று நினைத்து இறங்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் வாசலிலேயே நிற்கும். உள்ளே அழுக்கு போகக்கூடாது, உள்ளே ஏர் தங்கக்கூடாது, இந்த இரண்டும்தான் உண்மையான வேலை. இரண்டிலும் சறுக்குகிறவர்கள் புதியவர்கள் மட்டுமல்ல. பழைய இண்டிகாவையும் அம்பாசடர் டீசலையும் பார்த்துப் பழகிய கைகள் அதே பழக்கத்தை இன்றைய காமன் ரெயில் வண்டியில் (டீசலை ஒரே பொதுக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் தேக்கிவைத்துத் தரும் வண்டி) காட்டும்போதும் கெடுதல் நடக்கிறது, சொல்லப்போனால் அப்போதுதான் அதிகமாக நடக்கிறது.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஃபில்டர் டேங்குக்குள்ளே, பெட்ரோலைத் தள்ளும் மோட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பின் சீட்டைத் தூக்கி, டேங்கைத் திறந்து செய்யும் வேலை அது. பெட்ரோல் ஆவி சாதாரண வெப்பநிலையில் சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும், அதனால் அதை வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கார்புரேட்டர் மாருதி 800-இல் இருக்கும் விரல் நீள பிளாஸ்டிக் ஃபில்டர் என்றால் வேறு விஷயம், இரண்டு கிளிப்பைத் தளர்த்தி, அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கும்படி புதியதை மாட்டினால் முடிந்தது. இனி இந்தக் கட்டுரை முழுக்க டீசல்தான்.

எதற்காக இவ்வளவு கவனம்

காமன் ரெயில் வண்டியில் டீசல் இஞ்செக்டருக்கு, அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, போகும்போது இருக்கும் அழுத்தம், கொஞ்சம் பழைய மாடல்களிலேயே 1,400 பார் அளவுக்கு வரும், புதியவற்றில் 2,000 பார் வரை போகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2.3 பார். அவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்பிலும் இஞ்செக்டரிலும் பாகங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமாராக 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசிகூட அங்கே போய் உரசினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, இந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகு தருவது டீசலேதான், தனியாக ஆயில் போவதில்லை. டீசலில் தண்ணீர் கலந்தாலோ, டீசல் வராமல் காய்ந்து சுற்றினாலோ பம்ப் தேயும். பம்ப் தேய்ந்து உதிரும் உலோகத் துகள் நேராக இஞ்செக்டருக்குப் போகும். அப்புறம் ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டியதுதான்.

ஆகவே டீசல் ஃபில்டருக்கு இரண்டு வேலை. தூசியைப் பிடிக்கிறது, தண்ணீரையும் பிரிக்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் ஃபில்டரின் அடியில் போய்த் தங்கும். அதை வெளியே விடுவதற்குத்தான் அடியில் ஒரு திருகு இருக்கிறது. நம் ஊரில் இந்தத் திருகு இருப்பதே தெரியாமல் வண்டியை விற்றுவிட்டவர்கள் ஏராளம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, அடியில் ஒரு பாத்திரம் வைத்து இந்தத் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை கொஞ்சம் விட்டு மூடினால் ஃபில்டரும் நாள்பட வரும், இன்ஜினும் பிழைக்கும். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கின மாதிரி வண்டி மூழ்கியிருந்தால் கதையே வேறு. அப்போது சாவியையே திருப்பக்கூடாது, டேங்கையே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், ஃபில்டரை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள்.

எப்போது மாற்றுவது

மேனுவலில் போட்டிருக்கிற கி.மீ.தான் கணக்கு. வண்டிக்கு வண்டி மாறும், 20,000 என்றும் இருக்கும், 40,000 என்றும் இருக்கும். மேனுவல் தொலைந்திருந்தால் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். ஆளரவம் இல்லாத பங்க்கிலும், டிரம்மில் வாங்கியும் டீசல் போடுகிறவர்கள் அந்தக் கணக்குக்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது.

அடைத்துக்கொண்ட ஃபில்டரை வீட்டு வாசலில் கண்டுபிடிக்க முடியாது. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது இன்ஜினுக்குத் தேவைப்படும் டீசல் கொஞ்சம்தான், அரைகுறையாக அடைத்த ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். சத்தம் ஒழுங்காக இருக்கும், ஊருக்குள் ஓட்டும்போதும் ஒன்றும் தெரியாது. குடும்பத்தோடு, லக்கேஜோடு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போதுதான் தெரியும். மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை இல்லை, ஒரு ஜெர்க், செக் லைட், அப்புறம் வண்டி முக்கி முக்கிப் போகும். நிறுத்தி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், திரும்பவும் அதே கதை. இப்படி வந்தால் டர்போ போச்சு, இஞ்செக்டர் போச்சு என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஃபில்டரைப் பாருங்கள். இருப்பதிலேயே மலிவான சந்தேகம் அதுதான்.

மீட்டரில் புனல் மாதிரி ஒரு படம், அதற்கு அடியில் சொட்டு போட்டு மஞ்சள் விளக்கு எரிந்தால், ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முதலில் தண்ணீரை வெளியே விட வேண்டும். சில நாளிலேயே மறுபடி எரிந்தால் டேங்கில் தண்ணீர் இருக்கிறது, புது ஃபில்டர் போட்டும் புண்ணியமில்லை.

ஃபில்டர் வாங்கும்போது

கடையில் வண்டி பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கு வருடத்துக்கு ஒரு ஃபில்டர் மாறியிருக்கும். புகைக் கட்டுப்பாட்டு விதியில் பி.எஸ். 4-க்கு ஒன்று, பி.எஸ். 6-க்கு ஒன்று. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் மாதம், வருடம், முடிந்தால் சேசிஸ் நம்பர், இவற்றோடு போங்கள். அதைவிட நல்லது, இப்போது வண்டியில் இருக்கும் ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் நம்பரைப் போனில் படம் எடுத்துக் காட்டுவது. ஆனால் போன தடவை யாரோ தப்பான ஃபில்டரைப் போட்டிருந்தால் அந்தத் தப்பு தொடரும், அதையும் மனதில் வையுங்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் எல்லா கம்பெனி ஃபில்டரும் கிடைக்கும். வயதான கடைக்காரர் “மைக்கோ தரட்டுமா” என்று கேட்டால் முழிக்காதீர்கள், அது பாஷ்தான், அந்தக் கம்பெனி இந்தியாவில் பெயரை மாற்றி வருடம் பல ஆகிவிட்டது, கடைக்காரர் நாக்கில் மட்டும் மாறவில்லை. விலை சில நூறு ரூபாயில் தொடங்கும், வெளிக்கூடான ஹவுசிங்கோடு சேர்ந்து வரும் மாடல்களில் ஆயிரங்களைத் தொடும். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். டூப்ளிகேட் ஃபில்டரில் வெளியே அச்சு அசலாக இருக்கும், உள்ளே தாள்தான் மட்டமாக இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பில் கொடுக்கிற கடை, சீல் உடையாத பெட்டி. பெட்டிக்குள் புது ஓரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), வாஷர் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள், வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்ட பிறகு ஓரிங் தேடி அலைவது கொடுமை.

வண்டி வாரண்டியில் இருந்தால் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது, ஆகவே டீசல் ஸ்விஃப்ட், டிசையர் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அந்தக் கவலையைத் தாண்டியவர்கள்தான்.

கழற்றுவது

வேண்டியவை அதிகமில்லை. ஸ்பேனர் செட், கட்டிங் பிளையர், ஸ்க்ரூ டிரைவர், சுற்றிக் கழற்றும் ரகம் என்றால் பெல்ட் போட்டு இறுக்கும் ஃபில்டர் ஸ்பேனர், வாய் அகலமான ஒரு பாத்திரம், மூடியுள்ள கண்ணாடி ஜாடி ஒன்று, பழைய பிளாஸ்டிக் கவர்கள், ரப்பர் கையுறை. பனியன் வேஸ்ட்டை வெளிப்பக்கம் துடைக்க மட்டும் வையுங்கள். அதிலிருந்து உதிரும் நூல் ஃபில்டர் தலைக்குள் (வண்டியோடு இருக்கும், ஃபில்டர் மாட்டும் பகுதி) போனால் நாமே குப்பை போட்ட மாதிரி. உள்பக்கம் தொட நூல் உதிராத துணிதான் வேண்டும்.

காற்றோட்டமான இடத்தில், சமதரையில், ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியை நிறுத்துங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் மாதிரி டீசல் உடனே பற்றாது என்பது உண்மைதான், ஆனால் சூடான டர்போ மேலேயும் சைலன்சர் பைப் மேலேயும் கொட்டினால் புகையும், பற்றவும் செய்யும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். டேங்க் மூடியை ஒருமுறை திறந்து மூடினால் உள்ளே தங்கியிருக்கும் அழுத்தம் போய்விடும், பைப்பைக் கழற்றியதும் டீசல் பீய்ச்சாது.

இப்போது ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. ஃபில்டரின் வெளிப்பக்கம், பைப் சேரும் இடங்கள், சுற்றியுள்ள பிராக்கெட், எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். இரண்டு வருடப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து அங்கே கெட்டியாக ஒட்டியிருக்கும், பைப்பை இழுக்கிற அசைவில் அதில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் போதும். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம். கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தப் பைப் எந்த முனையில் என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

ஃபில்டருக்குக் கீழே டைமிங் பெல்ட் கவரோ, ஆல்டர்னேட்டரோ, ரப்பர் ஹோஸோ இருந்தால் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுங்கள். டீசல் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆல்டர்னேட்டருக்குள் போனாலும் செலவுதான். பிறகு அடித் திருகைத் தளர்த்தி, ஃபில்டரில் இருப்பதைப் பாத்திரத்தில் வடித்துவிட்டால் கழற்றும்போது கை முழுக்க நனையாது. வடித்ததைக் கொட்டிவிடாதீர்கள், அதில் பார்க்க வேண்டியது இருக்கிறது.

சுற்றிக் கழற்றும் ரகத்தில் அடியில் தண்ணீர் சென்சார் இருந்தால் முதலில் அதன் ஒயர் கப்ளரைப் பிரியுங்கள், பூட்டை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பிறகு பெல்ட் ஸ்பேனர் போட்டு ஃபில்டரைக் கழற்றலாம். ஸ்க்ரூ டிரைவரை ஃபில்டருக்குள் குத்தி அதையே கைப்பிடியாக்கிச் சுற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தகடு கிழிந்துபோய் மேல்பாதி தலையோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அன்றைய பொழுது போச்சு. பைப் சொருகும் ரகத்தில், பிளாஸ்டிக் முனையின் இரண்டு பக்கமும் இருக்கும் காதுகளை ஒருசேர அழுத்திக்கொண்டு, முனையை ஒருமுறை உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுக்க வேண்டும். உள்ளே தள்ளும்போது பூட்டு விடும். நெம்பாதீர்கள். இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக், பிஸ்கெட் மாதிரி உடையும், முனை மட்டும் தனியாகக் கிடைக்காது, பைப் முழுவதும் வாங்க வேண்டியிருக்கும். கழற்றிய முனைகளைச் சுத்தமான சின்ன பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள்.

ஃபில்டர் கழன்றதும் தலையின் அடிப்பக்கத்தை விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வராமல் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், நிறைய பேர் கவனிக்க மாட்டார்கள். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் வளையத்தின் மேல் வளையம், எவ்வளவு இறுக்கினாலும் சீல் ஆகாது.

ஜாடியில் என்ன தெரிகிறது

வடித்த டீசலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அசைக்காமல் கால் மணி நேரம் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மேலே மஞ்சளாகவோ லேசான பச்சையாகவோ தெளிவாக நிற்பது டீசல். அடியில் கண்ணாடி மாதிரி தனியாக ஒரு அடுக்கு நின்று, ஜாடியைச் சாய்த்தால் உருண்டை உருண்டையாக ஓடினால் அது தண்ணீர். ஒரு ஸ்பூன் அளவு என்றால் பயம் இல்லை, அதைப் பிடிக்கத்தானே ஃபில்டர் இருக்கிறது. அரை இன்ச் நின்றால் நீங்கள் வழக்கமாகப் போடும் பங்க்கை மாற்றுங்கள். செம்மண் நிறத்தில் தூள் படிந்திருந்தால் துரு, பெரும்பாலும் தண்ணீரோடு சேர்ந்தே வரும். கறுப்பாக, கொழகொழவென்று, பாசி மாதிரி இழுத்தால் அது உயிருள்ளது. தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் வளரும் நுண்ணுயிர்கள், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் வண்டிகளில் வரும். அப்போது டேங்கைச் சுத்தம் செய்யாமல் விட்டால் புது ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும்.

பயப்பட வேண்டியது வேறொன்று. ஜாடியை வெயிலில் காட்டிச் சுழற்றும்போது வெள்ளி ஜிகினா மாதிரி மினுக்கினால், அது உலோகத் துகள். பல வண்டிகளில் பம்ப்பிலிருந்து திரும்பி வரும் டீசலில் கொஞ்சம் மறுபடி ஃபில்டருக்கே போகும், ஆகவே பம்ப் உதிர்ப்பது இங்கே தெரியும். அதைப் பார்த்தால் புது ஃபில்டரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்காமல் டீசல் பம்ப் வேலை தெரிந்த வொர்க்‌ஷாப்புக்கு, முடிந்தால் டோ செய்து, கொண்டுபோங்கள்.

மாட்டுவது

பழைய சென்சாரைப் புது ஃபில்டருக்கு மாற்ற வேண்டுமென்றால் புது ஓரிங் போட்டு, அதில் ஒரு சொட்டு சுத்தமான டீசல் தடவி, கையால் இறுக்குங்கள். பிளாஸ்டிக் மரை அது, பிளையர் போட்டால் நழுவிவிடும்.

இங்கேதான் அந்தப் பழைய பழக்கம் வரும். புது ஃபில்டரைக் கையில் பிடித்து, வாட்டர் பாட்டிலில் கொண்டுவந்த டீசலை நடு ஓட்டையில் நிரப்பி, அப்படியே மாட்டுவது. ஏர் எடுக்கும் வேலை குறையும் என்பதற்காகச் செய்வது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் இது பெரிய தீங்கு செய்யவில்லை, அதனால்தான் பழக்கம் நிலைத்துவிட்டது. காமன் ரெயிலில் இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான ஃபில்டரில் ஓரத்திலிருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக டீசல் உள்ளே போய், தாளில் வடிகட்டி, நடு ஓட்டை வழியாக வெளியே வந்து பம்ப்புக்குப் போகிறது. நடுவில் ஊற்றினால் பாட்டிலில் இருந்த தூசி வடிகட்டாமலே நேராகப் பம்ப்புக்கு. ஃபில்டர் போட்ட பயனே அதோடு போய்விட்டது. கட்டாயம் நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் சுத்தமான டீசலை ஓர ஓட்டைகளில் மட்டும், நடு ஓட்டையை மூடிக்கொண்டு, மெதுவாக ஊற்றலாம். ஆனால் காலியாகவே மாட்டிவிட்டு பம்ப் அடித்து நிரப்புவதுதான் சரியான முறை, கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

ரப்பர் வளையத்தில் டீசல் தடவி, கையாலேயே சுற்றிப் போடுங்கள். வளையம் தலையைத் தொட்ட பிறகு இன்னும் அரையிலிருந்து முக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். எவ்வளவு என்று ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். மூடி திறந்து உள்ளே தாள் ஃபில்டரை மட்டும் மாற்றும் ரகத்தில், கிண்ணத்தின் அடியில் படிந்திருக்கும் சகதியை முழுவதும் துடைத்தெடுத்து, மூடியின் ஓரிங்கைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் அது சப்பையாகியிருக்கும். பைப் முனைகளைச் சொருகும்போது டக் என்று சத்தம் வர வேண்டும், பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அடித் திருகு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏர் எடுப்பது

வண்டிக்கு வண்டி இது மாறும். இன்னோவா, பழைய குவாலிஸ் போன்றவற்றில் ஃபில்டரின் தலையிலேயே கையால் அமுக்கும் பம்ப் இருக்கிறது. சில வண்டிகளில் டீசல் பைப்புக்கு நடுவில் எலுமிச்சை அளவில் கறுப்பு ரப்பர் பல்ப் இருக்கும். இரண்டுமே இல்லாத வண்டிகளில் டேங்குக்குள் கரண்ட் மோட்டார் இருக்கும், பேட்டரியை மாட்டிவிட்டு, சாவியை ஸ்டார்ட் வரை போகாமல் ஆன் வரை மட்டும் திருப்பினால் அது சில நொடி ஓடித் தானாக நிற்கும், பின் சீட்டுப் பக்கம் காது கொடுத்தால் உய்யென்ற சத்தம் கேட்கும். நின்றதும் அணைத்துவிட்டு மறுபடி ஆன். இப்படிப் பலமுறை செய்ய வேண்டும்.

கை பம்ப் என்றால், ஃபில்டர் தலையில் ஏர் விடும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஒரு சுற்றுத் தளர்த்தி, கீழே துணி வைத்துக்கொண்டு அமுக்கத் தொடங்குங்கள். முதலில் வெறும் காற்று, கைக்கு ஒன்றும் பிடிக்காது. கொஞ்ச நேரத்தில் திருகு ஓரத்தில் புஸ் புஸ்ஸென்று நுரை வரும், அப்புறம் குமிழியும் டீசலுமாக, கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் மட்டும் வழியும். அமுக்கின நிலையிலேயே திருகை இறுக்கிவிடுங்கள், கையை எடுத்துவிட்டு இறுக்கினால் ஏர் திரும்ப உள்ளே போகும். பிறகும் அமுக்கிக்கொண்டே இருங்கள், ஒரு கட்டத்தில் பம்ப் கல்லு மாதிரி கெட்டியாகிவிடும், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். திருகு இல்லாத தலை என்றால் கெட்டியாகும்வரை அமுக்குவது ஒன்றுதான் வழி. ஐம்பது, அறுபது முறை அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால் எங்கேயோ ஏர் இழுக்கிறது, மாட்டியதை மறுபடி பாருங்கள்.

இப்போது பழைய ஆட்கள் சொல்லும் இரண்டாவது யோசனை வரும்: “நாசில் பைப்பை லூஸ் பண்ணிட்டு செல்ஃப் அடி, ஏர் எல்லாம் போயிடும்.” நாசில் என்று அவர்கள் சொல்வது இஞ்செக்டரைத்தான். பழைய இண்டிகா டீசலில் இதைச் செய்து பிழைத்தவர்கள் உண்டு. காமன் ரெயிலில் கண்டிப்பாகக் கூடாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதே அந்தப் பைப்பில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் ஏறும், அதில் பீய்ச்சும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படி எப்போதாவது பட்டால் கழுவிவிட்டு உட்காரக்கூடாது, அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போய், ஹை பிரஷர் டீசல் உள்ளே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். ஃபில்டர் மாற்றும் வேலையில் ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் இருக்கும் எந்த நட்டையும் தொடத் தேவையே இல்லை. காமன் ரெயில் வண்டியில் குறைந்த அழுத்தப் பக்கத்தில் டீசல் நிறைந்துவிட்டால் மிச்ச ஏரைப் பம்ப்பே ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் தள்ளிவிடும்.

சரி, கழற்றின பேட்டரி டெர்மினலை இன்னும் மாட்டவில்லை என்றால் மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யலாம். செல்ஃபை பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி பம்ப் அமுக்கிவிட்டு அடியுங்கள். விடாமல் அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகும், பேட்டரி இறங்கும், எல்லாவற்றையும்விட முக்கியமாக ஹை பிரஷர் பம்ப் டீசல் இல்லாமல் காய்ந்து சுற்றும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் வேலையும் வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் நொண்டும், மிஸ்ஸிங் அடிக்கும், பயப்பட வேண்டாம். ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டால் சத்தம் சீராகிவிடும். அந்த நேரத்தில் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை எடுத்து ஃபில்டரைச் சுற்றி, பைப் முனைகளில், அடித் திருகில் ஒற்றிப் பாருங்கள், ஈரம் பட்டால் அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு, வந்து மறுபடி ஒருமுறை ஒற்றிப் பாருங்கள்.

சொட்டே இல்லை, ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஃபில்டர் மாற்றின அன்று எல்லாம் நன்றாக இருக்கும், மறுநாள் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கும், பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது. லீக் எங்கேயும் தெரியாது. காரணம், டேங்கில் மோட்டார் இல்லாத வண்டிகளில் டீசலைத் தள்ளுவது யாருமில்லை, இன்ஜின் பக்கத்துப் பம்ப் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போல உறிஞ்சி எடுக்கிறது. அந்தப் பக்கத்தில் சீல் சரியில்லை என்றால் டீசல் வெளியே சொட்டாது, வெளியிலிருக்கும் ஏர்தான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க நிற்கும்போது டீசல் மெதுவாக டேங்குக்கு இறங்கிவிடும், பைப் காலி. ஆகவே சொட்டு இல்லாததை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும், மடங்கிப்போன ஓரிங், பாதி சொருகின பைப் முனை, இறுக்காத கிளிப், தலையில் ஒட்டிக்கொண்ட பழைய வளையம், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பிடிபடவில்லை என்றால் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் போட்டு ஐடிலில் பாருங்கள், குமிழி ஓடினால் ஏர் இழுக்கிறது. டேங்கில் மோட்டார் இருக்கும் வண்டியில் இந்தப் பிரச்சினை குறைவு, சீல் விட்டால் டீசலாகவே வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் விளக்கு புதிதாக எரிந்தால் முதலில் சென்சார் கப்ளரை மாட்டினீர்களா என்று பாருங்கள், மறந்துவிட்டு டேங்கைச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய.

கடைசியாக, வாசலில் சிந்தின டீசல் மேல் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிடுங்கள், தார் ரோட்டில் விட்டால் தாரே இளகிப்போகும். ஜாடியில் இருக்கும் அழுக்கு டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய இன்ஜின் ஆயில் எடுக்கும் வொர்க்‌ஷாப்பில் ஃபில்டரோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம், சும்மா கேட்டாலே வாங்கிக்கொள்வார்கள். புது ஃபில்டர் மேல் மார்க்கரால் தேதியையும் கி.மீ.யையும் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை சர்வீஸ் கொடுக்கும்போது “டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு சார்” என்று பில்லில் போட்டுக்கொண்டு வந்தால், நீங்கள் எழுதினது அப்படியே இருக்கிறதா என்று பானட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.